மரக்கண்ணாடி: எதிரே நிற்பவரைப் பார்த்து அசையும் சிற்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் வந்து நின்றதும் தானாக அசைந்து பதில் சொல்லும் டிஜிட்டல் சிற்பங்களில், வீட்டு மேசையில் வைத்தே செய்து பார்க்கக்கூடியது மரக்கண்ணாடி. வரிசை வரிசையாக மரத்துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு மோட்டார், ஒரு கேமரா. எதிரே கையை ஆட்டினால் மரத்திலும் ஒரு கை ஆடும். இங்கே தந்திருக்கும் அளவுகள் 8 × 8, அதாவது 64 துண்டுகள் கொண்ட சிறிய கண்ணாடிக்கானவை. செய்ய இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நிரலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் காலை வாருவது கரண்டும் வெளிச்சமும். அதனால் அந்த இரண்டுக்கும் பதில் நீளமாக இருக்கும்.

திரையும் இல்லை, பல்பும் இல்லை. மரத்தில் உருவம் எப்படித் தெரிகிறது?

விளக்கு மேலே இருக்கிறது. மேல்நோக்கிச் சாய்ந்த துண்டில் வெளிச்சம் நேராக விழுவதால் அது வெளுப்பாகத் தெரியும். கீழ்நோக்கிச் சாய்ந்த துண்டு ஒளிக்கு முதுகைக் காட்டுவதால் கறுப்பாகத் தெரியும். மரத்தின் நிறம் மாறுவதே இல்லை, மாறுவது கோணம் மட்டும்தான்.

கணக்காகச் சொன்னால், விளக்கொளி கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி உயரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக நிற்கும் துண்டு அதில் 50 சதவீதம் வாங்கும். 30 டிகிரி மேலே சாய்ந்தால் 87 சதவீதம், 30 டிகிரி கீழே சாய்ந்தால் பூஜ்ஜியம். இதே விளக்கை 45 டிகிரிக்கு இறக்கினால் இருட்டுத் துண்டும் 26 சதவீதம் ஒளி வாங்கிவிடும், உருவம் சோகை பிடித்ததுபோல் இருக்கும். விளக்கு எங்கே என்பதை முடிவு செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இதை முதலில் செய்தது யார்?

மரக்கண்ணாடியைச் செய்தவர் ஜெருசலேமில் பிறந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் டேனியல் ரோஸின். 1999-இல் அவர் செய்த கண்ணாடியில் 830 மரத்துண்டுகள், 830 சர்வோக்கள், அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் சிறு மோட்டார்கள். அகலம் 170 செ.மீ., உயரம் 203 செ.மீ. பிறகு குப்பையில் கிடைத்த பொருட்களாலும், 450 பெங்குவின் பொம்மைகளாலும், 928 பஞ்சு உருண்டைகளாலும் அதே எண்ணத்தைத் திரும்பச் செய்திருக்கிறார். பஞ்சு உருண்டைக் கண்ணாடியில் மோட்டார் 464தான். ஒரு மோட்டார் கறுப்பு, வெள்ளை உருண்டைகளில் ஒன்றை முன்னே தள்ளி மற்றதை உள்ளே இழுக்கும். செலவைப் பாதியாக்க நல்ல வழி.

பார்வையாளருக்கு எதிர்வினை காட்டும் சிற்பம் அதைவிடப் பழையது. நிக்கோலா ஷோஃபரின் 'சிஸ்ப் 1' 1956-இல் வந்தது. எட்வர்ட் இக்னாட்டோவிச் 1968-இல் லண்டனில் காட்டிய 'சாம்' ஒலி வந்த பக்கம் தலையைத் திருப்பும். 1970-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் எவொலுவான் காட்சிக்கூடத்தில் அவர் நிறுவிய 'சென்ஸ்டர்', கணினியால் இயங்கியது. மெல்லப் பேசினால் கழுத்தை நீட்டி அருகே வரும், கத்தினால் பின்வாங்கும். அதன் சென்சார்கள் சில மைக்குகளும் ராடாரும் மட்டுமே. விதிகள் மிகச் சிலதான், ஆனாலும் பார்த்தவர்கள் அதை ஒரு மிருகமாகவே நடத்தினார்கள். புதிதாகச் செய்கிறவர்கள் சென்சார் மேல் சென்சார் அடுக்கும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

64 துண்டில் முகம் தெரியுமா?

தெரியாது. கை, தோள், தலை சாய்வது, பக்கவாட்டில் நடப்பது தெரியும். அசைவு இருக்கும்வரை கண் தானே உருவத்தைச் சேர்த்துக்கொள்ளும். அசையாமல் நின்றால் வெறும் கட்டங்கள். தலையும் தோளும் தெளிவாக வேண்டுமென்றால் குறைந்தது 12 × 16. முதல் முறையே அதில் இறங்க வேண்டாம்.

வாங்க வேண்டியவை என்னென்ன?

எஸ்ஜி90 சர்வோ 72 (64 பொருத்த, 8 கையிருப்பு). 16 சர்வோக்களை ஓட்டும் பிசிஏ9685 போர்டு 4, கையிருப்பாக ஒன்று. 'ராஸ்பெர்ரி பை 4' என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று (இனி 'பை'), அதற்குத் தனியாக 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். சர்வோக்களுக்கு 5 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதாவது 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை. பை கேமரா ஒன்று. 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் 4. 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் 4, அவற்றின் ஹோல்டரோடு. 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயர், சிவப்பும் கறுப்பும். 3 மி.மீ. ப்ளைவுட்டில் வெட்டிய 40 × 40 மி.மீ. துண்டுகள் 70.

சர்வோக்களை ஒரே கடையில் ஒரே தடவையில் வாங்குங்கள். இந்த வகையில் போலிகள் ஏராளம். வேறு வேறு பெட்டியிலிருந்து வந்தவை ஒரே பல்ஸுக்கு (கோணத்தைச் சொல்லும் மின்துடிப்பு) வேறு வேறு கோணம் காட்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், பொருத்தும் முன் ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் இடமும் வலமும் ஓடவிட்டுப் பாருங்கள். சட்டத்தில் ஏறிய பிறகு ஒன்றைக் கழற்றுவது பெரிய தொல்லை.

எஸ்ஜி90 போதுமா, உலோகப் பல்சக்கரம் உள்ள எம்ஜி90எஸ் வேண்டுமா?

இழுவிசை ஒரு பிரச்சினையே இல்லை. 40 மி.மீ. ப்ளைவுட் துண்டின் எடை 3 முதல் 4 கிராம். எஸ்ஜி90-இன் பலத்தில் நூறில் ஒரு பங்குகூட அதற்குத் தேவைப்படாது. பிளாஸ்டிக் பல் உடைவது மோட்டாரின் வேலையால் அல்ல, மனிதர்கள் விரலால் துண்டைத் திருப்புவதால்தான். எனவே குழந்தைகளின் கை எட்டும் கீழ் மூன்று வரிசைக்கு எம்ஜி90எஸ், மற்றதற்கு எஸ்ஜி90 போதும். அப்படியானால் மேலே சொன்ன 72-இல் 24-ஐ எம்ஜி90எஸ் ஆக வாங்குங்கள்.

துண்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

திரும்பும் அச்சு துண்டின் நடுவிலேயே ஓடினால் 1 மி.மீ. போதும். ஆனால் சர்வோ பின்னால் இருப்பதால் அச்சும் பின்னால் போய்விடும். அச்சு 10 மி.மீ. பின்னால் இருந்தால், துண்டு சாயும்போது அதன் விளிம்பு தன் இடத்தைத் தாண்டி 2.4 மி.மீ. வெளியே வரும். மேல் துண்டு கீழேயும் கீழ்த் துண்டு மேலேயும் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து 4.7 மி.மீ. ஆகவே 6 மி.மீ. விடுங்கள், ஒரு துண்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 46 மி.மீ. மொத்தக் கண்ணாடி சுமார் 37 செ.மீ. சதுரம்.

'இடைவெளி அழகாக இல்லை' என்று 2 மி.மீ. ஆக்கினால், துண்டுகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். முட்டி நிற்கும் சர்வோ ஒவ்வொன்றும் 0.6 ஆம்பியருக்கு மேல் இழுத்துச் சூடாகி, கடைசியில் கருகும்.

எந்த மரம்? பாலிஷ் போடலாமா?

வெளிர் நிறமான எதுவும் சரி. பளபளப்பு வார்னிஷ் மட்டும் வேண்டாம். அது விளக்கையே பிரதிபலித்து, கறுப்பாக இருக்க வேண்டிய துண்டை மின்னச் செய்துவிடும். மேட் பூச்சு போடுங்கள், அதையும் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் பூசிய 3 மி.மீ. ப்ளைவுட் முதல் மழைக்காலத்திலேயே அப்பளம்போல் வளையும். எல்லாத் துண்டிலும் மரத்தின் ரேகை ஒரே திசையில் ஓட வேண்டும். ரேகை மாறினால் ஒரே கோணத்தில் நிற்கும் இரண்டு துண்டுகள்கூட வேறு வெளிச்சத்தில் தெரியும்.

சட்டத்தை ஒரே பலகையாகச் செய்யாதீர்கள். எட்டு எட்டுத் துண்டுகள் கொண்ட எட்டு நெடும்பட்டைகளாகச் செய்து, ஒவ்வொன்றையும் இரண்டு ஸ்க்ரூவில் நிறுத்துங்கள். பழுதான சர்வோவை அப்போதுதான் பத்து நிமிடத்தில் மாற்ற முடியும்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும்? ஆன் செய்ததுமே எல்லாம் துள்ளி அணைகிறதே?

எஸ்ஜி90 ஓடும்போது சுமார் 0.1 முதல் 0.25 ஆம்பியர் இழுக்கும். தடுத்து நிறுத்தினால் 0.65 வரை போகும். ஒரு சர்வோ அசையத் தொடங்கும் கணமும் கிட்டத்தட்ட அந்தத் தடுப்பு நிலைதான். 64-உம் ஒன்றாகக் கிளம்பினால் 40 ஆம்பியரைத் தாண்டும். 30 ஆம்பியர் சப்ளை உடனே தன்னைக் காத்துக்கொள்ள அணையும், மறுபடி எழும், மறுபடி அணையும். நீங்கள் பார்க்கும் துள்ளல் அதுதான்.

இதற்குப் பெரிய சப்ளை வாங்குவது மருந்தல்ல. தொடக்கத்தில் ஒரு நெடும்பட்டையை எழுப்பி, 0.2 வினாடி விட்டு அடுத்ததை எழுப்புங்கள். எட்டுப் பட்டைக்கும் சேர்த்து ஒன்றரை வினாடிதான் ஆகும், பார்க்கவும் அலைபோல நன்றாக இருக்கும். அதன்பின் ஓட்டத்தில் 16 ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது ஒயர். ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்குச் சங்கிலியாகப் பவர் கொடுக்காதீர்கள். கடைசி போர்டில் வோல்ட் இருக்காது, முதல் போர்டின் தடத்தில் மொத்தக் கரண்டும் ஓடும். சப்ளையிலிருந்து நான்கு போர்டுக்கும் நான்கு தனி ஜோடி இழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபியூஸ் வையுங்கள். 1.5 சதுர மி.மீ. ஒயர் ஒரு மீட்டர் தூரத்துக்கு, போய்த் திரும்பும் வழியைச் சேர்த்து, 4 ஆம்பியரில் 0.1 வோல்ட்தான் இழக்கும். 0.5 சதுர மி.மீ. ஒயரில் அதே தூரம் 0.3 வோல்ட், எல்லாம் ஒன்றாக அசையும் கணத்தில் 0.7 வோல்ட்டுக்கும் மேல். அப்போது சர்வோ குழம்பி நடுங்கும், உங்களுக்கு நிரலில் பிழை என்று தோன்றும். கெபாசிட்டர் ஒவ்வொரு போர்டின் பவர் முனையிலேயே இருக்க வேண்டும், சப்ளையின் பக்கத்தில் வைத்துப் பயனில்லை.

எஸ்எம்பிஎஸ்-இன் எர்த் முனையைச் சும்மா விடக்கூடாது. 230 வோல்ட் முனைகளை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். இது பொதுமக்கள் நெருங்கும் பொருள்.

ராஸ்பெர்ரி பையோடு போர்டுகளை இணைக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

போர்டில் இரண்டு பவர் உண்டு. சர்வோவுக்கானது 5 வோல்ட். சில்லுக்கானதைப் பையின் 3.3 வோல்ட்டில் மட்டுமே இணைக்க வேண்டும். அதையும் 5 வோல்ட்டில் மாட்டினால், போர்டில் உள்ள ரெசிஸ்டர்கள் வழியே அந்த 5 வோல்ட் பையின் கால்களுக்கு (பின்களுக்கு) ஏறிவிடும், அந்தக் கால்கள் அதைத் தாங்காது. பை, போர்டுகள், சர்வோ சப்ளை மூன்றின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். சேராவிட்டால் சர்வோக்கள் இஷ்டத்துக்கு ஆடும்.

நான்கு போர்டுக்கும் நான்கு முகவரி: பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 40, 41, 42, 43. போர்டின் மூலையில் உள்ள புள்ளிகளை ஈயம் வைத்து இணைத்து மாற்ற வேண்டும். 70-ஐ விட்டுவிடுங்கள், அது எல்லா போர்டும் சேர்ந்து கேட்கும் பொது முகவரி. பை போர்டுகளோடு பேசும் இரண்டு ஒயர் இணைப்புக்கு ஐ2சி என்று பெயர், அதன் வேகம் இயல்பாக 100 கிலோஹெர்ட்ஸ். அதை 400 ஆக்கினால் ஒரு போர்டின் 16 சர்வோவுக்கும் செய்தி போக 1.5 மில்லிவினாடிதான் ஆகும். அந்த வேகத்துக்கு ஒயரை அரை மீட்டருக்குள் வையுங்கள்.

எல்லாத் துண்டையும் நேராக நிறுத்துவது எப்படி?

சர்வோவுக்கு 20 மில்லிவினாடிக்கு ஒரு பல்ஸ் போகும், அந்தப் பல்ஸின் நீளம்தான் கோணத்தைச் சொல்லும். பிசிஏ9685 அந்த 20 மில்லிவினாடியை 4096 படியாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.88 மைக்ரோவினாடி, சுமார் 0.44 டிகிரி. நடுநிலையான 1500 மைக்ரோவினாடிக்குப் படி எண் 307. 30 டிகிரி ஒரு பக்கம் 239, மறுபக்கம் 375.

முதலில் எல்லா சர்வோவுக்கும் 307 அனுப்புங்கள். அது நிற்கும்போது ஹார்ன் என்கிற பிளாஸ்டிக் கையைப் பொருத்துங்கள். பல் ஒன்று தள்ளினால் சுமார் 17 டிகிரி மாறும், எனவே கையால் 8 டிகிரி வரைதான் நேராக்க முடியும். மீதியை நிரலில் சரிசெய்ய வேண்டும். நெடும்பட்டையின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து, துண்டு ஒவ்வொன்றும் அதைத் தொடும்வரை எண்ணைக் கூட்டிக் குறைத்து, 64 எண்களையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். சர்வோவின் முதுகில் அதன் எண்ணை எழுதி வைத்தால், மாற்றும்போது அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் போதும்.

ஒரே போர்டைச் சேர்ந்த 16 துண்டுகளும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் சர்வோவைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் போர்டின் உள் கடிகாரம் சொன்ன 25 மெகாஹெர்ட்ஸில் ஓடவில்லை. பல்ஸின் அலைவெண்ணை அமைக்க நிரல் போர்டுக்கு அனுப்பும் 121 என்ற எண்ணை (ப்ரீஸ்கேல்) அந்த ஒரு போர்டுக்கு மட்டும் ஒன்றிரண்டு மாற்றிப் பாருங்கள்.

நிரல் என்னென்ன செய்ய வேண்டும்?

160 × 120 அளவில் படம் எடுத்து, நடுவில் 120 × 120 சதுரத்தை வெட்டி, இடவலமாகப் புரட்டுங்கள். புரட்ட மறந்தால் கண்ணாடி கண்ணாடியாக இருக்காது, இடது கையை ஆட்டியவர் திகைப்பார். கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொரு 15 × 15 புள்ளிக் கட்டத்துக்கும் சராசரி எடுங்கள். சராசரிக்குப் பதில் கட்டத்தின் நடுப்புள்ளியை மட்டும் எடுத்தால் துண்டுகள் சும்மாவே படபடக்கும்.

வந்த வெளிச்ச எண்ணை நேரடியாகக் கோணமாக்கினால் நடுத்தர நிறங்கள் பிசகும். வெளிச்சத்தை 0 முதல் 0.87 வரை சுருக்கி, அதன் தலைகீழ் கொசைனை 60-லிருந்து கழியுங்கள். 0-க்கு கீழே 30 டிகிரி, 0.5-க்கு நேர், 0.87-க்கு மேலே 30 டிகிரி வரும். விளக்கு 60 டிகிரியில் இல்லையென்றால் உங்கள் கோணத்துக்கு இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

யாரும் இல்லாதபோதும் துண்டுகள் நடுங்குகின்றன. ஏன்?

கேமராவின் ஒயரைக் கழற்றி, எல்லாத் துண்டுக்கும் ஒரே எண்ணை அனுப்பிப் பாருங்கள். அப்போதும் நடுங்கினால் கோளாறு கரண்டில்: ஒயர், கெபாசிட்டர், கிரவுண்ட். நின்றுவிட்டால் கோளாறு படத்தில்.

படத்தில் என்றால் முதல் சந்தேகம் தானியங்கி எக்ஸ்போஷர், அதாவது எவ்வளவு நேரம் ஒளியை வாங்குவது என்பதைக் கேமராவே முடிவு செய்வது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஓரமாகப் போனால்கூடக் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், 64 துண்டும் ஒன்றாகக் குனியும். எக்ஸ்போஷரையும் நிறச் சமநிலையையும் பூட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் வினாடிக்கு 100 முறை மின்னும். எக்ஸ்போஷரை 10 அல்லது 20 மில்லிவினாடியில் நிறுத்தினால் அந்த மினுக்கல் படத்தில் வராது. பிறகும் மிச்சம் இருந்தால், 2 டிகிரிக்குக் குறைவான மாற்றத்தை சர்வோவுக்கு அனுப்பாதீர்கள்.

நின்ற இடத்திலேயே கொசுபோல முனகுவது வேறு சங்கதி, அது சர்வோவின் சுபாவம். துண்டு இடத்துக்கு வந்து அரை வினாடி ஆனதும் அந்த சர்வோவுக்குப் பல்ஸையே நிறுத்திவிடுங்கள். எஸ்ஜி90 போன்ற அனலாக் சர்வோ தளர்ந்துவிடும், ஆனால் 4 கிராம் துண்டைப் பல்சக்கரத்தின் உராய்வே தாங்கும். சத்தம், சூடு, கரண்டு மூன்றும் குறையும். அசையும்போது வரும் மரச் சலசலப்பை அடக்க வேண்டாம், பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பதே அந்தச் சத்தத்துக்குத்தான்.

கையை ஆட்டி முடித்த பிறகுதான் மரம் அசைகிறது. தாமதத்தைக் குறைப்பது எப்படி?

கேமரா ஒரு படத்துக்கு 40 மில்லிவினாடி, சர்வோவின் அடுத்த பல்ஸுக்குக் காத்திருப்பு 20, துண்டு திரும்ப 100. இதைத் தவிர்க்க முடியாது. தவிர்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று, கேமராவின் வரிசையில் தேங்கிய பழைய படங்கள்: எப்போதும் கடைசிப் படத்தை மட்டும் எடுத்து மற்றதை எறியுங்கள். இரண்டு, அளவுக்கு மீறிய மென்மையாக்கல், அதாவது நடுக்கம் குறைய ஒவ்வொரு புது எண்ணையும் பழைய எண்ணோடு கலந்து அனுப்புவது. வினாடிக்கு 25 படம் ஓடும்போது புது எண்ணுக்கு 0.3 பங்கு கொடுத்தால் 0.11 வினாடி பின்தங்கும், 0.1 பங்கு கொடுத்தால் 0.38 வினாடி. மொத்தத் தாமதம் அரை வினாடியைத் தாண்டினால் 'இது என்னைப் பார்க்கிறது' என்ற எண்ணமே பார்வையாளருக்கு வராது. கொஞ்சம் நடுங்கினாலும் பரவாயில்லை, சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்பது எங்கள் கட்சி.

விளக்கை எங்கே வைப்பது?

கண்ணாடியின் நடு உயரம் 140 செ.மீ. என்றால், விளக்கு அதற்கு 90 செ.மீ. முன்னால், தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில். அதுதான் 60 டிகிரி. பார்வையாளர் ஒன்றரை முதல் இரண்டு மீட்டரில் நிற்பதால் அவர் நிழல் மரத்தில் விழாது. 60-இல் மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் போடும் நிழல் ஒன்றிரண்டு மி.மீ.தான். 70 ஆக்கினால் அது 10 மி.மீ., துண்டில் கால் பங்கு. ஒரே ஒரு குறுகிய கற்றை ஸ்பாட் போதும். எதிரிலிருந்து வரும் எந்த ஒளியும் எதிரி. ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்கவே வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், கேமராவுக்குப் பார்வையாளர் மேலும் வெளிச்சம் வேண்டும், அது மரத்தின் மேல் சிதறக்கூடாது. அகச்சிவப்பு எல்இடியும், அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத பை கேமராவும் இதைத் தீர்க்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும் வடிகட்டி ஒன்றை லென்ஸின் முன் வையுங்கள். ஹாலஜன் விளக்கும் வெயிலும் அகச்சிவப்பைக் கொட்டுபவை, அவை இருக்கும் இடத்தில் இது பலிக்காது.

கறுப்புச் சட்டை போட்டவர், கருத்த நிறமுள்ளவர் வந்தால் தெரிவதில்லையே?

வெளிச்சத்தை மட்டும் அளந்தால் அப்படித்தான் ஆகும், அதை ஏற்றுக்கொள்ளவும் கூடாது. பார்வையாளருக்குப் பின்னால் இருக்கும் சுவர் இருட்டாக இருப்பதே காரணம். வெளிர் நிறச் சுவர் இருக்க வேண்டும், அல்லது காலி அறையின் படத்தோடு ஒப்பிட்டு மாறிய இடத்தை மட்டும் ஆளாகக் கொள்ள வேண்டும். இரண்டாவது வழியில் ஒரு பொறி உண்டு. காலி அறைப் படத்தை ஓயாமல் புதுப்பித்தால், அசையாமல் நிற்பவர் சில நிமிடத்தில் மரத்திலிருந்து கரைந்துபோவார். ஆளே இல்லாதபோது மட்டும் புதுப்பியுங்கள்.

யாரும் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும்?

ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லிய அலை ஒன்று ஓடட்டும். ஓயாத ஆட்டம் வேண்டாம், மோட்டார் தேயும்.

முன்னால் கண்ணாடித் தகடு போட்டால் கை படாதே?

படாதுதான். ஆனால் விளக்கும் முகமும் அதில் பிரதிபலித்து உருவத்தை அழிக்கும். 60 செ.மீ. தள்ளி முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி போதும்.

படங்களைச் சேமிக்கலாமா?

வேண்டாம். 64 எண்ணாக மாறியதும் படத்தை நினைவகத்திலிருந்தே அழித்துவிடுங்கள், கேமரா இருப்பதைப் பலகையில் எழுதி வையுங்கள்.

தினமும் மெயினை அணைக்கிறார்கள், மெமரி கார்டு கெட்டுப்போகிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போவதால் வருவது. பையின் அமைப்பில் கார்டைப் படிக்க மட்டும் வைக்கும் ஓவர்லே வசதி உண்டு. எல்லாம் சரியாக ஓடிய பிறகு அதை இயக்குங்கள். ஒரு நகல் கார்டும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு ஏதாவது தேவையா?

இல்லை.

அடுத்து 12 × 16-க்குப் போனால் எதெல்லாம் மாறும்?

சர்வோ 192, போர்டு 12, ஓட்டத்தில் 48 ஆம்பியர். ஒரே பெரிய சப்ளை வேண்டாம். 30 ஆம்பியர் சப்ளை மூன்று வைத்து, நான்கு நான்கு போர்டாகப் பிரியுங்கள். மூன்றின் கிரவுண்டையும் சேர்க்க வேண்டும், 5 வோல்ட் பக்கத்தைச் சேர்க்கவே கூடாது. ஐ2சி-யில் 12 போர்டுக்கும் 18 மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு 25 படத்துக்கு அது போதும், ஆனால் ஒயர் நீளம் அரை மீட்டரைத் தாண்டிவிடும். அப்போது வேகத்தை 100-க்கு இறக்குவதைவிட, நான்கு போர்டுக்கு ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர் வைத்து, பையிலிருந்து யுஎஸ்பி வழியே எண்களை அனுப்புவது நல்லது. பெட்டியின் மேலும் கீழும் காற்றோட்டத் துளை வேண்டும். கையிருப்பு சர்வோ 20.